ஏஎஸ்/400 கணினியில் கோப்புகளை மறுசீரமைத்தல்: எதை, எப்போது, எந்த முறையில்

ஐபிஎம் நிறுவனம் 1988 ஜூனில் ஏஎஸ்/400 என்ற பெயரில் வெளியிட்ட நடுத்தரக் கணினி, பின்னர் ஐசீரிஸ், சிஸ்டம் ஐ என்று பெயர் மாறி, இன்று பவர் சர்வர்களில் ‘ஐபிஎம் ஐ’ இயங்குதளமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் எத்தனை முறை மாறினாலும் அதன் தரவுக் கோப்புகளின் ஒரு குணம் மாறவில்லை: ஒரு பதிவை நீக்கினால், அது பிடித்திருந்த இடம் தானாகத் திரும்பக் கிடைப்பதில்லை. பதிவோடு ஒட்டியிருக்கும் ஒரு பைட்டில் ‘நீக்கப்பட்டது’ என்ற குறி விழுகிறது. பேரேட்டில் கோடு போட்டு அடித்த வரியைப் போல அந்த இடம் அப்படியே கிடக்கிறது. கோப்பைத் தொடக்கம் முதல் இறுதி வரை படிக்கும் நிரலின் பார்வைக்கு அந்தப் பதிவுகள் வருவதில்லை என்றாலும், அவை கிடக்கும் பக்கங்களை (வட்டிலிருந்து ஒரே தடவையில் படிக்கப்படும் சிறு துண்டுகளை) வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றும் வேலையைக் கணினி செய்தே ஆக வேண்டும்.

இந்த இடத்தை மீட்பதற்கும், பதிவுகளை வேண்டிய வரிசையில் அடுக்குவதற்கும் உள்ள கட்டளைதான் ஆர்ஜிஇசட்பிஎஃப்எம். அதை ஞாயிறுதோறும் எல்லாக் கோப்புகளின் மீதும் ஓட்டுவது பல அலுவலகங்களில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அந்த வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மறுசீரமைப்பால் உண்மையில் பலன் பெறும் கோப்புகள் எந்த நிறுவனத்திலும் ஒரு கைப்பிடிதான் இருக்கும். அவற்றை அளந்து கண்டுபிடித்து, அவை ஏன் அந்த நிலைக்கு வந்தன என்று விசாரித்த பிறகு கட்டளையைத் தொடுவதே முறை.

விளக்கத்துக்காக ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தலைமை அலுவலகம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் ஆகிய ஊர்களில் கிளைகள். தாமிரபரணிப் பாசனப் பகுதியின் சில்லறைக் கடைகளுக்கு உரமும் விதையும் மொத்தமாக அனுப்பும் வியாபாரம். கார் நெல் பருவத்துக்கு ஜூனிலும் பிசான நெல் பருவத்துக்கு அக்டோபரிலும் முன்பதிவுகள் குவிகின்றன. அணையில் தண்ணீர் திறக்கும் தேதி தள்ளிப்போனால் பாதிப் பதிவுகள் ரத்தாகின்றன. பருவம் முடிந்ததும் நிறைவேறிய பதிவுகள் வரலாற்றுக் கோப்புக்கு மாற்றப்பட்டு, நடப்புக் கோப்பிலிருந்து நீக்கப்படுகின்றன. நீக்கப்பட்ட பதிவுகள் சேர்வதற்கு இதைவிடப் பொருத்தமான வியாபாரம் கிடையாது. பருவ உச்சத்தில் கிளையிலிருந்து, “அண்ணாச்சி, பார்ட்டி நிக்காங்க, ஸ்கிரீன் இன்னும் வரல” என்று தொலைபேசி வரும்போது எல்லாரும் குறை சொல்வது தொலைத்தொடர்பு இணைப்பைத்தான். சில வேளைகளில் அது சரி. ஆனால் தலைமை அலுவலகத்தில் நேரடியாக இணைந்த திரையிலும் அதே தாமதம் இருந்தால், பார்க்க வேண்டிய இடம் கோப்பு.

முதலில் அளவு

டிஎஸ்பிஎஃப்டி கட்டளையில் கோப்பின் பெயரைக் கொடுத்து, வகை என்ற இடத்தில் மெம்பர் (கோப்பில் தரவு இருக்கும் பகுதி) என்பதைத் தேர்ந்தெடுத்தால், உயிரோடிருக்கும் பதிவுகளின் எண்ணிக்கையும் நீக்கப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கையும் திரையில் வரும். ஒவ்வொரு கோப்பாகப் பார்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை. அதே கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பி, லைப்ரரி (கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம்) முழுவதற்கும் ஒரே ஓட்டத்தில் எடுத்து, நீக்கப்பட்டவை அதிகமாக உள்ளவை மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழி பழக்கமுள்ளவர்களுக்கு, கியூஸிஸ்2 லைப்ரரியில் உள்ள ஸிஸ்பார்ட்டிஷன்ஸ்டாட் என்ற வியூ இதே விவரத்தை இன்னும் எளிதாகத் தரும். புதிய கோப்பை உருவாக்கும்போதே நீக்கப்பட்ட பதிவுகளுக்கு ஒரு சதவீத வரம்பைக் குறித்துவிட்டால், கோப்பு மூடப்படும் வேளையில் அந்த வரம்பு தாண்டியிருப்பின் கணினியே வரலாற்றுப் பதிவேட்டில் செய்தி எழுதி வைக்கும். பலர் கண்டுகொள்ளாத, நல்ல வசதி இது.

நமது நிறுவனத்தின் முன்பதிவு விவரக் கோப்பில் ஒரு பதிவின் நீளம் 200 பைட் என்று வைத்துக்கொள்வோம். நிலைக்குறியோடு சேர்த்து 201. உயிருள்ள பதிவுகள் 40 லட்சம், நீக்கப்பட்டவை 25 லட்சம். கோப்பின் மொத்த அளவு சுமார் 130 கோடி பைட். அதில் 50 கோடிக்கு மேல் வெற்றிடம். முழுக் கோப்பையும் படிக்கும் இரவு அறிக்கை ஒவ்வொன்றும் ஐந்தில் இரண்டு பங்கு நேரத்தை இல்லாத பதிவுகளுக்காகச் செலவிடுகிறது என்று ஏறத்தாழக் கொள்ளலாம். இந்தக் கோப்பை மறுசீரமைப்பதில் அர்த்தம் உண்டு. அதே நிறுவனத்தின் வரிவிகிதக் கோப்பில் 300 பதிவுகள் இருந்து, அவற்றில் 200 நீக்கப்பட்டிருந்தால் சதவீதம் பயமுறுத்தும். ஆனால் மொத்தக் கோப்பும் சில பக்கங்களில் அடங்கி, எப்போதும் நினைவகத்திலேயே கிடக்கும். அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. சதவீதம், கோப்பின் பருமன், அது எப்படிப் படிக்கப்படுகிறது என்ற மூன்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். பெரிய கோப்புகளில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் கவனிக்கத் தொடங்குவேன். முழுக்க முழுக்கச் சாவி (கடை எண் போல, பதிவைத் தேடி எடுக்க உதவும் புலம்) வழியாக ஒற்றைப் பதிவுகளை மட்டும் எடுக்கும் கோப்பாக இருந்தால் அதற்கும் மேல் விட்டுவைப்பேன்.

பிறகு காரணம்

மறுசீரமைத்த கோப்பு ஆறு மாதத்தில் மீண்டும் அதே நிலைக்கு வருமானால் காரணத்தைத் தீர்க்கவில்லை என்று பொருள். பழைய முறையில் சிஆர்டிபிஎஃப் கட்டளையால் உருவாக்கப்பட்ட கோப்புகள், வேறு சொல்லாவிட்டால், நீக்கப்பட்ட இடத்தை மறுபடி பயன்படுத்துவதில்லை. புதிய பதிவு எப்போதும் கோப்பின் கடைசியில்தான் போய்ச் சேரும். எஸ்கியூஎல் வழியாக உருவாக்கிய அட்டவணைகளோ காலி இடங்களை நிரப்பிக்கொள்ளும். ஆகவே பழைய கோப்பின் மீது சிஎச்ஜிபிஎஃப் கட்டளையை ஓட்டி, ‘ரீயூஸ் டெலீட்டட் ரெக்கார்ட்ஸ்’ என்ற இடத்தில் யெஸ் என்று மாற்றினாலே பல கோப்புகளில் பிரச்சினை அத்தோடு தணிந்துவிடும்.

இந்த மாற்றத்தைச் செய்வதற்கு முன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். கோப்பின் மீதுள்ள லாஜிக்கல் ஃபைல் (அதே பதிவுகளை வேறு வரிசையிலோ தேர்விலோ காட்டும் கோப்பு) ஏதாவது, ஒரே சாவி கொண்ட பதிவுகளை முதலில் வந்தது முதலில், அல்லது கடைசியில் வந்தது முதலில் என்ற வரிசையில் கேட்கும்படி வரையறுக்கப்பட்டிருந்தால் இந்த மாற்றத்தைக் கணினி ஏற்காது. அடுத்து, புதிய பதிவு கடைசியில்தான் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட ஆர்பிஜி மொழி நிரல்கள் உள்ளனவா என்று தேட வேண்டும். கோப்பின் கடைசிப் பதிவைப் படித்து அடுத்த பில் எண்ணைக் கணக்கிடும் பழைய நிரல்கள் நம் பக்கத்து அலுவலகங்களில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அத்தகைய நிரலைத் திருத்தாமல் கோப்பின் குணத்தை மாற்றினால், இரண்டு கிளைகளில் ஒரே எண்ணில் பில் அச்சாகும் நாள் வரும்.

இரவு ஓட்டத்துக்கான தற்காலிகப் பணிக்கோப்புகளின் கதை வேறு. அவற்றைப் பதிவு பதிவாக நீக்கும் நிரலுக்குப் பதில், ஓட்டத்தின் தொடக்கத்தில் சிஎல்ஆர்பிஎஃப்எம் கட்டளையால் மெம்பரை முழுமையாகத் துடைத்துவிட்டால், நீக்கப்பட்ட பதிவு என்ற பேச்சே அங்கு எழாது.

ஆயத்தம்

காப்புப் பிரதி எடுக்காமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பிரதியைச் சேமித்த நாடா எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையில் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த பிறகும், சர்வர் அறையின் கீழ்த்தட்டிலேயே நாடாக்களை அடுக்கி வைத்திருப்பவர்களைக் கண்டால் வியப்பாக இருக்கிறது. மாடிக்கு ஒரு பிரதி, கிளை ஒன்றுக்கு ஒரு பிரதி என்று அனுப்பிவிட்டுத் தொடருங்கள்.

டிஎஸ்பிடிபிஆர் கட்டளை, இந்தக் கோப்பைச் சார்ந்து எத்தனை லாஜிக்கல் ஃபைல்கள் இருக்கின்றன என்று காட்டும். இந்த எண்ணிக்கை முக்கியம். ஏனெனில் பதிவுகள் இடம் மாறும்போது அவற்றின் மீதுள்ள ஆக்சஸ் பாத் (சாவி வரிசையில் பதிவைக் கண்டுபிடிக்க உதவும் அட்டவணை) ஒவ்வொன்றும் திருத்தப்படவோ மீண்டும் கட்டப்படவோ வேண்டும், வேலை நேரத்தின் பெரும்பகுதி அங்கேதான் போகும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யாரோ ஓர் அறிக்கைக்காகப் போட்டுவைத்து, இப்போது எவரும் திறக்காத லாஜிக்கல் ஃபைல்கள் கண்ணில் பட்டால், அவை கடைசியாகப் பயன்பட்ட தேதியைப் பார்த்து, உறுதி செய்துகொண்டு நீக்கிவிடலாம். மறுசீரமைப்பு நேரம் குறைவதோடு, அன்றாடம் ஒவ்வொரு பதிவு எழுதும்போதும் அவற்றைப் பராமரிக்கும் சுமையும் குறையும்.

பதிவுகளை வரிசை எண்ணைக் கொண்டு, அதாவது கோப்பில் எத்தனையாவது இடம் என்ற கணக்கைக் கொண்டு, நேரடியாக எடுக்கும் நிரல்கள் இருந்தால் அங்கே நின்றுவிடுங்கள். மறுசீரமைப்பு அந்த எண்களை மாற்றிவிடும். வேறொரு கோப்பில் அந்த எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் நிரல், மறுநாள் ஒரு கடைக்காரரின் பாக்கியை இன்னொருவர் பெயரில் காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் உள்ளூர் நாள்காட்டிக்கு இடம் உண்டு. மார்ச் 31 கணக்கு முடிந்து, பிசானத்தின் பழைய பதிவுகளை நீக்கிய உடனே வரும் ஏப்ரல் ஞாயிறுதான் மறுசீரமைப்புக்கு மிகச் சிறந்த நாள். நீக்கும் வேலையையும் சீரமைக்கும் வேலையையும் மாதக்கணக்கில் பிரித்து வைப்பதில் பயனில்லை. ஆண்டின் நடுவில் இன்னொரு முழுநாள் தேவைப்பட்டால் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு மாவட்டத்தில் விடப்படும் உள்ளூர் விடுமுறையைப் பயன்படுத்தலாம். அன்று திருநெல்வேலி மாவட்டக் கிளைகளில் பில் போட ஆள் இருக்காது; தூத்துக்குடி மாவட்டத்து ஸ்ரீவைகுண்டம் கிளைக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஆனால் எந்த நாளைக் குறித்தாலும், அந்தப் பகுதித் துணை மின்நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் குறியுங்கள். யுபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும் என்ற நம்பிக்கையில் மூன்று மணி நேர வேலையைத் தொடங்குவது விவேகமல்ல.

மூன்று வழிகள்

கட்டளையை எழுதி எஃப்4 விசையை அழுத்தினால் வரும் திரையில் நமக்கு வேண்டியவை ‘கீ ஃபைல்’, ‘அலவ் கேன்சல்’, ‘லாக் ஸ்டேட்’ என்ற மூன்று இடங்கள். இவற்றை நிரப்பும் விதத்தைப் பொறுத்து ஒரே கட்டளை மூன்று வெவ்வேறு வேலைகளாக மாறுகிறது.

எதையும் மாற்றாமல் விட்டால், ‘அலவ் கேன்சல்’ நோ என்றே இருக்கும். அப்போது கணினி கோப்பின் உயிருள்ள பதிவுகளைப் புதிய இடத்துக்கு நகலெடுத்து, பழையதை விடுவிக்கிறது. அதற்குத் தக்க வெற்றிடம் வட்டில் இருக்க வேண்டும். கோப்பை வேறு எவரும் திறந்திருக்கக் கூடாது. நடுவில் நிறுத்தவும் கூடாது. பதிவுகள் வந்து சேர்ந்த வரிசை காக்கப்படும். கடை மூடியிருக்கும் நாளில், கோப்பு மிதமான அளவில் இருந்தால், இதுவே நேர்வழி.

‘அலவ் கேன்சல்’ யெஸ் என்று மாற்றி, ‘கீ ஃபைல்’ இடத்தில் நீக்கப்பட்ட பதிவுகளை இட்டுநிரப்பும் மதிப்பை, அதாவது நட்சத்திரக் குறியோடு ஆர்பிஎல்டிஎல்டிஆர்சிடி என்பதைக் கொடுத்தால், கோப்பின் வாலில் உள்ள பதிவுகள் எடுக்கப்பட்டு முன்னே உள்ள ஓட்டைகளில் வைக்கப்படும். நகரும் பதிவுகள் குறைவு என்பதால் வேகம் அதிகம். முழு நகலுக்கான இடமும் தேவையில்லை. பதிவுகள் வந்த வரிசை மட்டும் குலையும். இந்த வழியில் கோப்பு ஜர்னல் செய்யப்பட்டிருப்பது, அதாவது அதில் நடக்கும் மாற்றங்கள் தனியே குறித்து வைக்கப்படுவது, கட்டாயம். நகரும் ஒவ்வொரு பதிவும் ஜர்னலில் எழுதப்படுவதால், அந்தக் குறிப்புகளைத் தாங்கும் ரிசீவர்கள் வேகமாக வளரும். வெற்றிடத்தை மீட்க வந்த வேலை, வட்டை நிரப்பிவிடாதபடி ரிசீவர்களைச் சேமித்து நீக்க ஏற்பாடு செய்துவைக்க வேண்டும். நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் நிறுத்தலாம்; பின்னர் அதே கட்டளையை அதே மதிப்புகளோடு மீண்டும் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்தடை பயமுள்ள ஊர்களுக்கு இதைவிட ஏற்ற முறை இல்லை.

இதே முறையில் ‘லாக் ஸ்டேட்’ இடத்தில் பகிர்ந்து புதுப்பிக்கும் மதிப்பைக் கொடுத்தால், மற்றவர்கள் கோப்பைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே மறுசீரமைப்பு நடக்கும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதே வேளையில் கோப்பை வரிசையாகப் படிக்கும் அறிக்கை, இடம் மாறும் பதிவு ஒன்றை இரண்டு முறை காணலாம், அல்லது காணாமலே போகலாம். தனித்தனிப் பதிவுகளைச் சாவி வழியாக எடுக்கும் பில் திரைகளை ஓடவிட்டு, அறிக்கைகளை அன்று நிறுத்தி வைப்பதே பாதுகாப்பு. இன்னொன்று: கடைசியில் வாலை வெட்டி இடத்தைத் திருப்பித் தர கணினிக்குச் சிறிது நேரமாவது தனி உரிமை வேண்டும். யாரோ ஒருவர் திரையைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தால் அந்த உரிமை கிடைக்காது. பதிவுகள் நெருங்கி அமைந்திருக்கும், வட்டில் இடம் மட்டும் திரும்பியிருக்காது.

வரிசையால் வரும் வேகம்

இடத்தை மீட்பதைவிட, பதிவுகளை அடுக்கும் வரிசையால் கிடைக்கும் பலனே சில கோப்புகளில் பெரியது. நம்மவர்கள் இதைத்தான் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு கடையின் முன்பதிவு வரிகள் 500 என்று கொள்வோம். அவை ஒரு பருவம் முழுக்கச் சிறுகச் சிறுக வந்தவை. கோப்பெங்கும் சிதறிக் கிடக்கும். அந்தக் கடையின் கணக்கை எடுக்கும்போது, மோசமான நிலையில், ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் என 500 பக்கங்களை ஏற்ற வேண்டியிருக்கும். 4,096 பைட் கொண்ட ஒரு பக்கத்தில் 201 பைட் பதிவுகள் 20 அடங்கும். கடை எண் வரிசையில் கோப்பை அடுக்கிவிட்டால் அதே 500 வரிகளும் சுமார் 25 பக்கங்களுக்குள் வந்துவிடும். இதற்கு ‘கீ ஃபைல்’ இடத்தில் கோப்பின் சொந்தச் சாவியையோ, அந்த ஒரு கோப்பின் மீது மட்டும் கட்டப்பட்ட லாஜிக்கல் ஃபைலின் பெயரையோ கொடுக்க வேண்டும்.

எந்தச் சாவி என்பதுதான் உண்மையான முடிவு. ஒரு கோப்புக்கு ஒரே ஒரு வரிசைதான் இருக்க முடியும். மிகுந்த பதிவுகளைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேலை எந்தச் சாவியில் நடக்கிறது என்று பார்த்து அதைத் தேர்ந்தெடுங்கள். திரையில் ஒரு பதிவை மட்டும் எடுத்துக் காட்டும் வேலைக்கு வரிசையால் எந்த நன்மையும் இல்லை. கடை எண் வாரியான கணக்கு தினமும் ஓடி, பொருள் வாரியான அறிக்கை மாதம் ஒருமுறை மட்டும் ஓடுமானால் கடை எண்ணுக்கே முன்னுரிமை. வட்டுகள் எல்லாம் ஃபிளாஷ் வகையாக மாறிவிட்ட அலுவலகங்களில் சிதறிய பக்கங்களை எடுக்கும் செலவு வெகுவாகக் குறைந்துவிட்டது. அங்கே இந்த அடுக்கு வேலையின் பலனும் அதே அளவுக்குக் குறையும்.

ஓட்டமும் அதன் பின்னும்

கட்டளையை உங்கள் திரையிலிருந்து நேரடியாக ஓட்டாமல், எஸ்பிஎம்ஜாப் வழியாக பேட்சில் (பின்னணியில் ஓடும் வேலையாக) அனுப்புங்கள். இணைப்பு அறுந்தாலும் வேலை அறாது. அனுப்புவதற்கு முன் டபிள்யூஆர்கேஓபிஜேஎல்சிகே கட்டளையில் கோப்பை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்து, கிளைகளுக்குத் தொலைபேசியில் சொல்லி வெளியேற்றுங்கள். ஜாபைக் கணினியிலேயே முடித்துவைப்பது கடைசி வழி. பல கோப்புகள் இருந்தால் சிஎல் என்ற கட்டளை மொழி நிரல் ஒன்றில் சிறியதை முன்னே, பெரியதைப் பின்னே வைத்து எழுதி, ஒரு கோப்பில் பிழை வந்தாலும் அடுத்ததற்குப் போகும்படி செய்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆக்சஸ் பாத் மீண்டும் கட்டப்படும் வேலை முடிந்ததா என்று இடிடிஆர்பிடிஏபி திரையில் பார்க்காமல் கிளைகளைத் திறந்துவிட வேண்டாம். பாதி கட்டிய நிலையில் முதல் பில்லைப் போடுபவர் பழைய தாமதத்தைவிட அதிகமாகக் காத்திருப்பார்.

முடிந்ததும் டிஎஸ்பிஎஃப்டி மீண்டும் ஓட்டி, உயிருள்ள பதிவுகளின் எண்ணிக்கை முன்பிருந்ததோடு சரியாக ஒத்திருக்கிறதா, நீக்கப்பட்டவை பூஜ்யமா என்று ஒப்பிடுங்கள். அறிக்கைகள் எடுத்துக்கொண்ட நேரத்தையும் ஜாப் லாக்கிலிருந்து முன்னும் பின்னுமாகக் குறித்து வையுங்கள். அடுத்த ஏப்ரலில் இதே கோப்பைத் தொட வேண்டுமா என்பதை அந்தக் குறிப்பு சொல்லும். கோப்பு பாதியாகச் சுருங்கியும் குறிப்பிட்ட ஒரு திரை மட்டும் வேகம் பெறவில்லை என்றால், அந்தத் திரையின் நிரல் தனக்கு வேண்டிய சாவியில் ஆக்சஸ் பாத் இல்லாமல் கோப்பை முழுவதும் துழாவிக்கொண்டிருக்க வாய்ப்பு மிகுதி. அதற்கு மருந்து புதிய லாஜிக்கல் ஃபைல் ஒன்று. எத்தனை முறை மறுசீரமைத்தாலும் அந்தத் திரை மாறப்போவதில்லை.